நானூறு பன்னும் உங்கள் விடுதி அட்டையும்

ஸ்லேட் கிரீக்,
மேற்கு வர்ஜீனியா.
ஜூலை 22, திங்கட்கிழமை.

மதிப்பிற்குரிய சம்பந்தி கான்ஸ்டன்ஸ் வான்டர்லின் அம்மாள் அவர்களுக்கு,

ஸ்லேட் கிரீக்கிலிருந்து வெர்லா ஸ்டம்ப் வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. என் இடது முட்டியைத் தவிர இங்கே அனைவரும் நலம். கோழிகள் நலம். அங்கே கொலம்பஸில் நீங்களும் உங்கள் பூனையும் யாரும் உட்காரக் கூடாத உங்கள் வெள்ளை நாற்காலிகளும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். ஈஸ்டருக்கு நீங்கள் கொடுத்த கைக்குட்டைகளைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். மூக்குச் சிந்துவதற்கு மனம் வராத அளவுக்கு நேர்த்தி. அதனால் அவற்றால் எனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

இதையெல்லாம் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் தொலைபேசியில் நீங்கள் என்னை ஒரு வாக்கியம் முடிக்க விட்டதில்லை. கடிதத்துக்குக் குறுக்கே யாரும் பேச முடியாது. ஐந்தாம் வகுப்பு வரை நான் கற்றதில் எனக்கு மிகவும் பயன்பட்டது இதுதான்.

முதலில் ஈஸ்டர் அன்று உங்கள் வீட்டு மேசையில் நடந்ததை ஞாபகப்படுத்துகிறேன். நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள், ஆனாலும் மறந்ததாகச் சொல்லிவிடக் கூடாதே. உங்கள் மகன் பிரெஸ்டன் இருந்தான், என் மகள் டார்லா இருந்தாள், நம் இருவருக்கும் பேத்தியான கெய்லின் இருந்தாள். பன்றித் தொடையை அறுத்துக்கொண்டே நீங்கள் சொன்னீர்கள்: "நாலு வருஷம் காலேஜ் படிச்ச பொண்ணு, மலைக்காட்டுல ஒரு பள்ளிக்கூடத்து அடுப்படியில நின்னு கரண்டி புடிக்கிறா. கேக்குறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?" அந்த அடுப்படியில் நாற்பத்தொரு வருஷம் நின்றவள் நான். என் முகத்துக்கு நேரே சொன்னீர்கள். கெய்லின் உருளைக்கிழங்கை உங்கள் பக்கம் நகர்த்தினாள். நல்ல வளர்ப்பு. அப்போது நீங்கள்தான் அந்தப் பேச்சை எடுத்தீர்கள். ஜூலையில் லாஸ் வேகஸில் பள்ளிச் சமையல்காரர்கள் மாநாட்டில் பன் போட்டி இருக்கிறதாமே, அதில் இவள் ஜெயித்துக் காட்டட்டும், அதற்கப்புறம் நான் இந்த விஷயத்தில் வாயே திறக்க மாட்டேன். தோற்றால் செப்டம்பரில் என் தம்பியின் காப்பீட்டு அலுவலகத்தில் வந்து உட்காரட்டும் என்றீர்கள். "சரி பாட்டி" என்று அவள் கையை நீட்டினாள். நீங்கள் பிடித்துக் குலுக்கினீர்கள். வெண்ணெய்க் கையோடு. நான் பார்த்தேன்.

மாவுக்கு அவள் பொறுப்பு, தங்குமிடத்துக்கு நான் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். இது தெரிந்ததும் நீங்கள் டார்லாவைக் கூப்பிட்டு, "ஹோட்டல் பாக்குற வேலைய அவங்ககிட்டயா குடுத்தீங்க?" என்று கேட்டதாகக் கேள்வி. அவங்க என்பது நான். மறுவாரம் உங்களிடமிருந்து ஒரு பெரிய உறை வந்தது. உள்ளே ராயல் மிராண்டா டவர் என்ற ஹோட்டலின் வழவழப்பான புத்தகம், அதோடு உங்கள் பெயர் பொறித்த பொன்னிற உறுப்பினர் அட்டை, "இதைக் காட்டுங்கள், மரியாதையாக நடத்துவார்கள்" என்று ஒரு சீட்டு. என்னை மரியாதையாக நடத்த அட்டை தேவைப்பட்ட இடத்துக்கு நான் இதுவரை போனதில்லை. புத்தகத்தைப் புரட்டினேன். கட்டடத்துக்குள்ளே ஒரு ஆறு. கூரையில் வரைந்த வானம். குளியலறையில் சிங்கத் தலை வாயிலிருந்து தண்ணீர் வருகிறது. நாற்பது பக்கத்தில் ஒரு சமையல்காரன் முகம் கூட இல்லை. பல் எல்லாம் தெரியச் சிரிக்கிற பெண்கள் மட்டும் கையில் கோப்பையோடு நிற்கிறார்கள். அவர்கள் ஒரு வேளையாவது சாப்பிட்டவர்கள் போலத் தெரியவில்லை. புத்தகத்தைக் கோழிக் கூட்டில் விரித்தேன். வழவழப்பான காகிதம் அதற்கும் சரியில்லை, குஞ்சுகள் வழுக்குகின்றன.

ஹோட்டல் தேர்ந்தெடுக்க எனக்கென்று ஒரு முறை இருக்கிறது. படத்தைப் பார்க்க மாட்டேன், நட்சத்திரம் எண்ண மாட்டேன். நேரே தொலைபேசியில் கூப்பிட்டு, காலைச் சாப்பாடு செய்கிறவரைக் கூப்பிடச் சொல்லி, "இன்னிக்குக் காலையில நீங்க என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்பேன். தான் சமைத்ததைத் தான் சாப்பிடாத ஆள் இருக்கிற வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது எங்கள் அடுப்படிச் சட்டம். மாநாட்டார் அனுப்பிய பட்டியலில் இருந்தவை எல்லாம் ஊர் ஊருக்குக் கிளை வைத்திருக்கும் சங்கிலி ஹோட்டல்கள். முதல் இடத்தில் ஒரு இயந்திரம் என்னோடு பதினோரு நிமிஷம் பேசியது. கடைசியில் ஸ்பானிஷ் வேண்டுமானால் இரண்டை அழுத்தச் சொன்னது. இரண்டாம் இடத்தில் ஒரு பையன், "சாப்பாடு விஷயமா புகார் இருந்தா மேனேஜர்கிட்ட சொல்லுங்கம்மா" என்றான். நான் இன்னும் சாப்பிடவே இல்லையே தம்பி என்றேன். "பரவால்ல, முன்கூட்டியே சொல்லலாம்" என்றான். அந்த ஹோட்டலின் லட்சணம் அதிலேயே தெரிந்துவிட்டது. மூன்றாவது காம்பஸ் ரோஸ் இன். எங்கள் ஊர் நெடுஞ்சாலை ஓரத்திலும் அதன் கிளை ஒன்று இருக்கிறது, சாவு வீட்டுக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் தங்குவார்கள், இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. வேகஸ் கிளையில் யோலண்டா என்ற பெண் பேசினாள்.

"நானா? வீட்லேருந்து டாக்கோ கட்டிட்டு வந்து சாப்பிட்டேன் பெரியம்மா. இங்க முட்டைய பொடியில கரைச்சுதான் ஊத்துறோம். அத நான் எதுக்குச் சாப்பிடறேன்."

சட்டப்படி பார்த்தால் அந்த நிமிஷமே தொலைபேசியை வைத்திருக்க வேண்டும். ஆனால் நான் நாற்பத்தொரு வருஷத்தில் எத்தனையோ சமையல்காரிகளைப் பார்த்தவள். யாரென்று தெரியாத கிழவியிடம் உண்மையைச் சொல்கிறவள் கிடைப்பது அரிது. பொய் சொல்லாத சமையல்காரி இருந்தால் எலி இருக்கிற வீட்டிலும் தங்கலாம். "ரூம்ல ஐஸ்பெட்டி இருக்கா?" என்று கேட்டேன். "இருக்கு" என்றாள். அறையைப் பதிவு செய்தேன். எவ்வளவு பெரிய பெட்டி என்று நான் கேட்கவில்லை. நான் கேட்காததை அவள் சொல்லவில்லை. அவள்மீது குற்றமில்லை.

போய்ச் சேர்ந்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம். வெயிலைப் பற்றி எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். விமானத்தை விட்டு இறங்கியதும் யாரோ அடுப்புக் கதவைத் திறந்து வைத்துவிட்டார்கள் என்று நினைத்து மூடச் சொல்லித் திரும்பினேன், அவ்வளவுதான். காம்பஸ் ரோஸ் அறையில் கட்டில் இருந்தது, கட்டிலுக்கு மேலே எங்கள் ஊர்க் கிளையில் இருக்கும் அதே படகின் படம் இருந்தது. எனக்கு வீட்டுக்கு வந்தது போல இருந்தது. ஐஸ்பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஞானப்பாட்டுப் புத்தகத்தைப் படுக்க வைக்கலாம். நிற்க வைத்தால் கதவு மூடாது. ஜன்னலடியில் இருந்த குளிர்சாதனம் எருமை போல உறுமியதே தவிர, வந்த காற்று எருமையின் மூச்சைவிடச் சூடு. "பாட்டி, ஐஸ் மெஷின் நடைக்கோடியில இருக்காம்" என்று கெய்லின் வாளியோடு போய், வெறும் வாளியோடு வந்தாள். பழுது என்று காகிதம் ஒட்டியிருக்கிறதாம். காகிதமே மஞ்சளாகிவிட்டதாம்.

இனி மாவுக்கு வருகிறேன். இது உங்களுக்குப் புரியும்படி எழுத வேண்டும், ஏனென்றால் நீங்கள் பன்னைக் கடையில் வாங்குகிறவர்கள். போட்டி விதி என்னவென்றால், குறைந்தது இருபத்துநாலு பன் கொண்டுவர வேண்டும், மாவை அவரவரும் ஒரு துணையாளும் சொந்தக் கையால் அன்று காலை பிசைந்திருக்க வேண்டும், மாநாட்டு மண்டபத்துக் கதவு நண்பகலில்தான் திறக்கும், அதன் பிறகு அங்கே உள்ள அடுப்புகளில் சுட வேண்டும். அதாவது காலை ஆறு மணியிலிருந்து பன்னிரண்டு வரை மாவு குளிர்ச்சியான இடத்தில் மெல்ல உப்ப வேண்டும். சூட்டில் வைத்தால் ஒன்பது மணிக்கே புளித்துத் தொங்கிவிடும்.

விடிந்ததும் கெய்லின் கேட்டாள்: "பாட்டி, நம்ம அளவு நானூறு பன்னுக்கு. நான் அத இருபத்துநாலுக்கு வகுத்துடட்டுமா?"

வகுக்கலாம். அவள் படித்தவள், பென்சிலை எடுத்தால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் என் பன்னின் அளவு என் கையில் இருக்கிறது. ஸ்லேட் கிரீக் பள்ளியில் நானூறு பிள்ளைகள். முப்பது கிண்ணம் என்றால் முப்பது கிண்ணம், ஈஸ்ட் என்றால் என் உள்ளங்கை இத்தனை முறை. இதைப் பதினாறில் ஒன்றாகவும் சொச்சமாகவும் உடைத்தால் என் உள்ளங்கையை எப்படி உடைப்பது? மேலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பின்னக் கணக்கு ஆறாம் வகுப்பில்தான் வரும். எங்கள் அம்மா படுக்கையில் விழுந்த வருஷம் நான் ஐந்தோடு நின்றேன். அரை என்றால் தெரியும், கால் என்றால் தெரியும். அதற்கு மேல் பின்னத்தைக் கண்டால் எனக்கு நம்பிக்கை இல்லை.

"வகுத்த மாவு உப்பாதுடி. நானூறுக்கே போடு" என்றேன்.

"நானூறு பன்ன வச்சுக்கிட்டு என்ன பண்றது பாட்டி?"

"பன்ன வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியாத ஒரு கூட்டத்த நான் இதுவரைக்கும் பாத்ததில்ல."

அவள் வகுக்கவில்லை. போர்வை வைக்கிற பெரிய பிளாஸ்டிக் பெட்டிகள் இரண்டு, புத்தம் புதியவை, கொதிநீர் விட்டுக் கழுவி வைத்திருந்தோம். குளியல் தொட்டியில் பெட்டிகளை இறக்கி, தொட்டிக்கு வெளியே மண்டி போட்டு ஆளுக்கொரு பெட்டி பிசைந்தோம். மாவு தட்ட இடமில்லாமல் இஸ்திரிப் பலகையை விரித்தோம். இஸ்திரிப் பலகை பிள்ளைத்தாய்ச்சி எடையுள்ள மாவைத் தாங்கும்படி செய்யப்படவில்லை என்பதை அந்தக் கம்பெனிக்காரர்கள் எங்காவது எழுதி வைத்திருக்கலாம். ஏழரை மணிக்கு இரண்டு பெட்டியிலும் மாவு மூடியைத் தொட்டுவிட்டது. கெய்லின் முகம் வெளுத்தது. காப்பீட்டு அலுவலகம் அவள் கண்ணில் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது, உங்கள் தம்பி கழுத்தில் டை கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

அந்தச் சமயத்தில் யோலண்டா, வாசலில் அழுக்குத் துணி அள்ளுகிற வண்டிக்கு வழிவிட்டு நின்றவள், உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நல்ல சமையல்காரி கேட்க மாட்டாள். "கீழ எங்க ஐஸ்பெட்டி பூரா பால் பாக்கெட் பெரியம்மா, இடமில்ல. இந்த ஊர்ல குளிர் வேணும்னா சூதாட்ட ஹாலுக்குத்தான் போகணும். ரோட்டத் தாண்டுனா மிராண்டா டவர். உள்ள போனா பல்லு தந்தியடிக்கும். ஆளுங்க தூங்கிடக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்காங்க."

நான் யோசித்தேன், சம்பந்தியம்மா. உங்கள் ஹோட்டல். உங்கள் சிங்கத் தலை. நான் கோழிக்கு விரித்த புத்தகம். அதோடு நான் ஞானஸ்நான சபைக்காரி, சீட்டுக்கட்டு இருக்கிற வீட்டில் காபி குடிக்காதவள். ஆனால் பேத்தியின் முகத்தைப் பார்த்தேன். லக்கேஜ் ஏற்றுகிற பித்தளை வண்டியை யோலண்டா தள்ளிக்கொண்டு வந்தாள். ரோட்டைத் தாண்டுவதற்குள் வெயிலில் ஒரு பெட்டி மூடியைத் தூக்கிவிட்டது. நான் வண்டிமேல் ஏறி அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். கெய்லின் தள்ளினாள். அப்படித்தான் நான் உங்கள் ராயல் மிராண்டாவுக்குள் நுழைந்தேன். ராணி மாதிரி என்று கெய்லின் பிறகு சொன்னாள். அவள் நல்ல பெண்.

உள்ளே ஜனவரி மாதம். கடிகாரம் கிடையாது, ஜன்னல் கிடையாது, தரையில் யாரோ வாந்தி எடுத்ததைப் பார்த்து நெய்த கம்பளம். பகல் எட்டு மணிக்கு மனிதர்கள் இயந்திரங்களின் முன்னால் மாட்டுத் தொட்டியில் மாடு நிற்பது போலத் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். இவ்வளவு பெரிய கட்டடத்தில் ஒரு சமையல் வாசனை இல்லை, ஏதோ பவுடர் வாசனை. இங்கேதானா வருஷத்துக்கு இரண்டு முறை உடம்பு தேற்றப் போவதாகச் சொல்லிப் போகிறீர்கள்? கெய்லின் பக்கத்து மாநாட்டு மண்டப வாசலில் பெயர் பதிகிற வரிசையில் நிற்கப் போய்விட்டாள், நான் பெட்டிகளோடு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். உடனே டெரல் என்று சட்டையில் பெயர் குத்திய காவலாள் வந்தான். கதவளவு ஆள்.

"அம்மா, இதுக்குள்ள என்ன இருக்கு?"

"மாவு."

"என்ன மாவு?"

"உப்பிக்கிட்டு இருக்கிற மாவு. சீக்கிரம் பேசி முடிச்சா உன் பூட்ஸுக்கு நல்லது."

அவன் மூடியைத் தூக்கிப் பார்த்தான். மாவு அவனைப் பார்த்தது. மூடியைத் திரும்ப வைத்துவிட்டு, "இங்க சும்மா உக்காரக் கூடாதும்மா. ஆடுறவங்களுக்குத்தான் நாற்காலி" என்றான். "பாவம் பண்ணாதான் உக்கார விடுவியா?" என்றேன். "ஆமாம்மா, அதான் இங்க ரூல்ஸ்" என்றான். அவ்வளவு நேர்மையாகச் சொன்ன பிறகு நான் என்ன செய்வது? அப்போதுதான் கைப்பையில் உங்கள் பொன் அட்டை இருந்தது ஞாபகம் வந்தது. மிராண்டாவிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று எடுத்து வந்திருந்தேன். இயந்திரத்தில் அட்டை போடுகிற பிளவு ஒன்று இருந்தது. அதில் அதைச் செருகினேன். திரையில் "நல்வரவு, கான்ஸ்டன்ஸ்" என்று வந்தது. எனக்கு மனம் லேசாகிவிட்டது. பாவம் எழுதுகிற தேவதூதர் அதைப் பார்த்துத்தானே எழுதுவார். அன்றைக்கு ஆடியது எல்லாம் உங்கள் பெயரில்தான். நான் காசு போட்டுப் பித்தானை அழுத்தினேன், அவ்வளவே.

நாலு மணி நேரம். வலது கால் ஒரு பெட்டியின் மூடிமேல், முட்டி வலிக்கிற இடது கால் இன்னொரு பெட்டியின் மூடிமேல், கை பித்தான்மேல். மோர் கேட்டேன், குடிக்கக் கொண்டுவந்து கொடுக்கிற பெண் மோர் என்றால் என்னவென்று சமையலறைக்குப் போய் விசாரித்து வந்து இல்லை என்றாள். ஆறு ஓடுகிற வீட்டில் மோர் இல்லை. பக்கத்து இயந்திரத்தில் மீன் பிடிக்கிற தொப்பி போட்ட ஒரு கிழவர், டெக்ஸாஸ்காரர், ஆர்லோ என்று பெயர், தன் இயந்திரத்தை விட்டுவிட்டு என் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடது பெட்டிதான் முதல்ல மூடியத் தள்ளும்" என்றார்.

"தள்ளாது. அது என் பேத்தி பிசைஞ்சது. அடக்கமா இருக்கும்" என்றேன்.

"பந்தயமா?"

"நான் ஞானஸ்நான சபை."

"சரி, உங்களோட இல்ல" என்று அவர் பின்னால் இருந்தவரிடம் திரும்பினார். பத்து நிமிஷத்தில் என் பின்னால் இருபது பேர். இடது, வலது என்று கட்சி பிரிந்துவிட்டார்கள். ஆயிரம் விளக்கு எரிகிற இயந்திரங்களை எல்லாம் விட்டுவிட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் மாவு உப்புவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இவர்களைத்தான் நான் உங்கள் ஹோட்டல் ஆட்கள் என்று சொல்வது. பத்து மணிக்கு நான் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்து இரண்டு மாவையும் குத்தி அமுக்கினேன். காற்றுப் போயிற்று. "அய்யய்யோ, என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க, ஆட்டம் பாதியில நிக்குது" என்று ஆர்லோ தலையில் கை வைத்தார். டெரல் வந்து கூட்டத்தைக் கலைக்கப் பார்த்தான். கலையவில்லை. அவனும் நின்றான். அவன் வலது கட்சி என்று பிறகு தெரிந்தது. வலதுதான் முதலில் எழும்பியது, அது நான் பிசைந்தது. எனக்கு அடக்கம் கிடையாது என்று நீங்கள் சொல்வீர்கள், சொல்லிக்கொள்ளுங்கள்.

நண்பகலில் கெய்லின் வந்தாள். டெரல் இரண்டு பெட்டியையும் தோளுக்கொன்றாகக் குழந்தை தூக்குவது போலத் தூக்கி மண்டபத்து வாசல் வரை கொண்டுவந்து வைத்தான். மூடியைத் திறந்து கெய்லின் விரலால் அழுத்திப் பார்த்தாள், பள்ளம் மெல்ல மேலே வந்தது. குளிரில் உப்பிய மாவு அது, பட்டு மாதிரி. நாற்பத்தொரு வருஷத்தில் எனக்கு இப்படி வந்ததில்லை. எங்கள் பள்ளியில் ஜனவரியில் கொதிகலன் கெட்டுப்போன ஒரு வாரம் மட்டும் வந்தது.

போட்டியில் பதினெட்டுப் பேர். ஒவ்வொருவரும் இருபத்துநாலு பன், தட்டில் துணி விரித்து, பூ வைத்து. எல்லோருக்கும் வகுக்கத் தெரிந்திருக்கிறது. நாங்கள் தட்டு தட்டாக அடுப்பில் தள்ளிக்கொண்டே இருந்தோம். பக்கத்து மேசைக்காரர், மினசோட்டா ஆள், அவர் பன்னில் ரோஸ்மேரி இலை எல்லாம் ஒட்டியிருந்தது, "இன்னும் வருதா?" என்றார். "இன்னும் இருக்கு" என்றாள் கெய்லின். "எவ்வளவு?" "நாலு தட்டு முடிஞ்சுது. பன்னெண்டு இருக்கு." அவர் உட்கார்ந்துவிட்டார்.

இங்கேதான் அந்த மாநாட்டு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நடுவர் என்று யாரும் கிடையாது. சமையல்காரர்களுக்குச் சமையல்காரர்கள்தான் நடுவர். வாசலில் ஆளுக்கு ஒரு காராமணி விதை கொடுப்பார்கள். எந்த மேசையில் சாப்பிட்ட பன் பிடித்ததோ, அந்த மேசை ஜாடியில் விதையைப் போட வேண்டும். சாப்பிடாத பன்னுக்குப் போடக் கூடாது, சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். அன்றைக்கு மதியம் மாநாட்டில் கொடுத்தது அட்டைப் பெட்டியில் அடைத்த குளிர்ந்த சாப்பாடு. அறுநூறு பள்ளிச் சமையல்காரர்களுக்கு அட்டைப் பெட்டிச் சாப்பாடு. அறுநூறு பேரும் மூடியைத் திறந்து பார்த்து மூடினார்கள். பசியோடு போட்டி மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். ஒரு மேசையில் இருபத்துநாலு பன் இருபத்துநாலு பேருக்குத்தான் போகும். பத்து நிமிஷத்தில் பதினேழு மேசையும் காலி, பூ மட்டும் இருந்தது. எங்கள் மேசையில் வெண்ணெய் தடவிச் சூடாக வந்துகொண்டே இருந்தது. வரிசை கதவைத் தாண்டி நின்றது. யாரும் சொல்லாமலே தட்டைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காக நின்றார்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியே பழகியவர்கள். டென்னஸியிலிருந்து வந்த ஒரு கிழவி, என்னைவிட மூத்தவள், ஒரு வாய் கடித்துவிட்டுக் கெய்லினைப் பார்த்து, "யாரு சொல்லிக் குடுத்தா?" என்றாள். கெய்லின் என்னைக் காட்டினாள். அந்தக் கிழவி என்னை ஏற இறங்கப் பார்த்து, "உப்பு அரைச் சிட்டிகை கம்மி" என்று சொல்லிவிட்டு விதையைப் போட்டாள். அவள்தான் எனக்குத் தெரிந்த நடுவர்.

ஒரு ஜாடி போதவில்லை, வாளி கொண்டுவந்தார்கள். மினசோட்டாக்காரர் எழுந்து வந்து, தானே ஒரு பன்னைத் தின்றுவிட்டு, தன் விதையையும் எங்கள் வாளியில் போட்டார். கெய்லின் ஜெயித்தாள். எத்தனை விதை வித்தியாசம் என்று உங்களுக்கு எழுத மாட்டேன், நீங்கள் இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள். மேடையில் அவள் கழுத்தில் நீல நாடா போட்டபோது அவள் கையெல்லாம் மாவு. துடைத்துவிட்டு வா என்று யாரும் சொல்லவில்லை.

ஆகவே சம்பந்தியம்மா, உங்கள் வாக்கு உங்களுக்கு நினைவிருக்கட்டும். செப்டம்பரில் பள்ளி திறக்கும்போது கெய்லின் ஸ்லேட் கிரீக் அடுப்படியில் நிற்பாள். கேட்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். நாடாவின் படத்தை இதோடு வைத்திருக்கிறேன், அதைக் காட்டுங்கள். ஹோட்டல் விஷயத்திலும் யார் சொன்னது சரி என்று தெரிந்துவிட்டது. காம்பஸ் ரோஸ் இன் மாதிரி ஒரு யோக்கியமான இடம் அந்த ஊரில் இல்லை. கிளம்பும்போது மேனேஜரே வாசல் வரை வந்து என் கையில் ஒரு உறை கொடுத்து வழியனுப்பினார். உங்கள் ராயல் மிராண்டாவோ சூதாட்டக் கொட்டகை, பவுடர் பூசிய ஐஸ்பெட்டி. அந்த வாசலில் இனி என் கால் படாது. உங்கள் அட்டையை விரைவில் தபாலில் திருப்பி அனுப்புகிறேன்.

பிரெஸ்டனுக்கு என் ஆசீர்வாதம். டார்லாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள். உங்கள் பூனைக்கு வயிற்று உபாதை தீர எங்கள் சபை ஜெபக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன், பெயர் போடவில்லை, "கொலம்பஸில் ஒரு ஜீவன்" என்று மட்டும். நீங்களும் நீடூழி வாழ்ந்து, எங்கள் வீட்டுப் பன்னை ஒருநாள் சூடாகச் சாப்பிடும் பாக்கியம் பெற வேண்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பேத்தியின் இன்னொரு பாட்டி,
வெர்லா ஸ்டம்ப்.

பி.கு.: மேனேஜர் கொடுத்த உறையை இன்றைக்குத்தான் பிரித்தேன். நன்றிக் கடிதம் என்று நினைத்து ஆறப்போட்டிருந்தேன். குளியல் தொட்டிக் குழாயில் மாவு அடைத்துக் கீழ் அறைக்கூரை நனைந்ததாம், இஸ்திரிப் பலகை உடைந்ததாம், இனிமேல் நாடெங்கும் உள்ள எந்தக் காம்பஸ் ரோஸ் கிளையிலும் எங்களுக்கு அறை கிடையாதாம். எங்கள் ஊர்க் கிளை உள்பட. இனி யார் செத்தாலும் என்னால் அங்கே யாரையும் தங்க வைக்க முடியாது. அடுத்த ஜூலையிலும் மாநாடு அதே ஊரில்தான், ஜெயித்தவள் வந்து பட்டத்தைக் காக்க வேண்டுமாம். நாங்கள் கிளம்புகிற அன்று விடைபெறப் போனபோது டெரல் என் கையில் இருந்த அட்டையை வாங்கி ஏதோ திரையில் பார்த்து, ஆடிய ஆட்டத்துக்குப் பரிசாக இந்த அட்டையில் நாலு இரவு அறையும் சாப்பாடும் சேர்ந்திருக்கிறது என்றான். அட்டை உங்கள் பெயரில் இருப்பதால் நீங்கள் நேரில் வந்து முகத்தைக் காட்டினால்தான் சாவி கொடுப்பார்களாம். எனவே நீங்கள் வர வேண்டும். வாக்குப்படி வாய் திறக்க வேண்டாம், டார்லாவிடம் தலையாட்டினால் போதும், அவள் எனக்குச் சொல்லிவிடுவாள். இரண்டு கட்டில் போட்ட அறையாகக் கேளுங்கள். முட்டிக்காக நான் குளியலறைப் பக்கம் படுப்பேன், அந்தச் சிங்கத்தையும் பார்க்க வேண்டும். கம்பளிச் சட்டை எடுத்து வாருங்கள், மோதிரங்களைக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். எனக்கு இரண்டு கால்தான், அடுத்த முறை பெட்டி நாலு. கெய்லின் இப்போதே பென்சிலோடு வந்து, அடுத்த வருஷமாவது வகுத்துவிடலாமா பாட்டி என்று கேட்கிறாள். பெருக்கல் ஐந்தாம் வகுப்பிலேயே வந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். எண்ணூறு.